நடுவில் ஒரு கை

எங்கள் கம்பெனி வேனில் அக்காவுக்கு மட்டும் இரண்டு சீட்டு. ஒன்றில் அக்கா உட்காருவார், பக்கத்தில் அவருடைய பை உட்காரும். திருவள்ளூரில் ஏறினால் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை வரும் வரைக்கும் அந்தப் பை அசையாது. பெரியபாளையத்தில் ஏறுகிற பேக்கிங் பெண்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தாலும், பையைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க யாருக்கும் வாய் வராது. நான் கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. யார் பெரியவர், யார் சின்னவர் என்று தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பேன்.

"இன்னாக்கா, பைக்கும் சேத்து சம்பளம் குடுக்கறாங்களா?"

வேன் மொத்தமும் சிரித்தது. அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "நீங்க உக்காருங்கம்மா" என்று என்னை உட்காரவைத்தார். நின்றுகொண்டிருந்த பேக்கிங் செல்வியையும் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, கதவோரம் போய் ஒண்டி நின்றுகொண்டார். கும்மிடிப்பூண்டி வரைக்கும் அப்படியே நின்றார். இடம் கொடுப்பார். பக்கத்தில் இடம் கொடுக்க மாட்டார். அக்கா எப்பேர்ப்பட்டவர் என்று கேட்டால் இந்த ஒரு வரியில் சொல்லிவிடலாம். மறுநாளிலிருந்து நான் அந்தப் பை பேச்சையே எடுக்கவில்லை.

பெயரைச் சொல்லாமல் அக்கா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். தன் பெயர் நாலு பேர் வாயில் விழுவது அவருக்குப் பிடிக்காது. அவரோடு வேலை செய்த காலம் முழுக்க எனக்கு அவரிடம் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. அவர் கையால் ஒரு வாய் சோறு வாங்கிச் சாப்பிட வேண்டும். அசட்டு ஆசையாகத் தெரியலாம். எங்கள் கேன்டீனில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் அப்படித் தெரியாது.

அங்கே யாரும் தன் சோற்றைத் தான் சாப்பிட்டதாகச் சரித்திரம் இல்லை. டப்பாக்களைத் திறந்து நடுவில் வைத்துவிட்டால் யார் கை யார் டப்பாவில் இருக்கிறது என்றே தெரியாது. செல்வி கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்த நாளில் அவளுக்கு வெறும் சோறுதான் மிஞ்சும். அவளும் திட்டிக்கொண்டே என் முட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். அக்கா மட்டும் ஜன்னலோர மேஜையின் கடைசியில் உட்கார்ந்து, தயிர் சாதமும் மோர் மிளகாயும் சாப்பிடுவார். ஒரு வாய் கொடுக்கவும் மாட்டார், வாங்கவும் மாட்டார். தண்ணீருக்குத் தனி பாட்டில். பாத்திரம் கழுவுகிற அம்மாவிடம் டப்பாவைக் கொடுக்காமல் தானே வெந்நீர் பிடித்துத் தேய்த்துக் கழுவி, தானே துடைத்துப் பையில் வைப்பார். கை கழுவ ஆரம்பித்தால் நகக்கண்ணிலிருந்து முழங்கை வரைக்கும் கழுவுவார். குழாயை மூடுவது முழங்கையால்தான்.

அக்கா பள்ளிப்பட்டுக்காரர். சொந்தமாக நெல் போடுகிற குடும்பம். அப்பாவை நைனா என்பார். எங்கள் கதை வேறு. என் அப்பா அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்து, பிறகு கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிற ஆலையில் சேர்ந்தவர். அம்மா சொல்லியிருக்கிறாள். நிலத்துக்காரர் வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டால் சொம்பைக் கையில் கொடுக்க மாட்டார்களாம். குனிந்து, இரண்டு கையையும் வாய்க்குக் கீழே குவித்துக்கொண்டு நிற்க வேண்டும். மேலேயிருந்து ஊற்றுவார்கள். சொம்புக்கும் குவித்த கைக்கும் நடுவில் ஒரு கை தூரம் இருக்கும். நான் எம்.எஸ்சி. முடித்து, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு ஆய்வகத்தில் நின்றபோது அந்தத் தூரமெல்லாம் ஒழிந்தது என்றுதான் நினைத்தேன். அக்காவிடம் பேனா கேட்டால் மேஜைமேல் வைப்பார். ஓரடி பின்னால் போவார். "எடுத்துக்குங்க" என்பார். அப்போதெல்லாம் அம்மா சொன்ன சொம்பு ஞாபகத்துக்கு வந்து வயிறு எரியும்.

ஆனாலும் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதுதான் வம்பே. பிடிக்காதவராக இருந்தால் போய்த் தொலை என்று விட்டிருப்பேன்.

வெளியில் எங்கள் கம்பெனிக்கு சக்கரை கம்பெனி என்று பெயர். வேன் டிரைவர் கிளப்பிவிட்டது. பொங்கல் வந்தால் காக்களூரில் எங்கள் தெருப் பெண்கள், "கம்பெனி வெலைல சக்கர வாங்கியாறியா?" என்று பையோடு வந்து நிற்பார்கள். அந்தச் சர்க்கரை இல்லை அம்மா, இது கிருமியின் சர்க்கரை என்று சொன்னால் இன்னும் பேஜாராகிவிடும்.

விஷயம் இதுதான். டைபாய்டு கிருமி தன்னைச் சுற்றி ஒரு சர்க்கரைப் போர்வையைப் போர்த்திக்கொண்டிருக்கும். கிருமியை விட்டுவிட்டு அந்தப் போர்வையை மட்டும் தனியாகப் பிரித்துச் சுத்தம் செய்து எங்களிடம் அனுப்புவார்கள். அதை அப்படியே ஊசியில் போட்டால் கைக்குழந்தையின் உடம்பு சட்டை செய்யாது. ஒரு புரதத்தோடு சேர்த்துக் கொடுத்தால்தான் கவனிக்கும், வருஷக்கணக்கில் ஞாபகமும் வைத்துக்கொள்ளும். பிற்பாடு நிஜக் கிருமி அதே போர்வையோடு வந்தால் அடையாளம் கண்டு விரட்டும். கல்யாண மண்டபத்தில் ஓரமாக நிற்கிறவரை யாரும் பார்ப்பதில்லை, மாப்பிள்ளை தோளில் கை போட்டு நின்றால் எல்லாப் போட்டோவிலும் விழுவார் அல்லவா, அந்த மாதிரி. சர்க்கரையையும் புரதத்தையும் சேர்த்துவைப்பதுதான் எங்கள் பிழைப்பு. சேர்த்ததைப் பெரிய கம்பெனிக்கு அனுப்பிவிடுவோம்.

சேர்ப்பதில் அக்காவுக்கு நிகர் அக்காதான். இரண்டையும் நேராக ஒட்டினால் சரிவராது. இரண்டும் பெரிசு, ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். நடுவில் சின்னதாக ஒரு மூலக்கூற்றை வைக்க வேண்டும். அது ஒரு பக்கம் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும், மறுபக்கம் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். வாயில் நுழையாத பெயர் அதற்கு. நாங்கள் 'கை' என்போம்.

"நடுவுல கொஞ்சம் இடம் இருந்தாதாம்மா ரெண்டும் நல்லா இருக்கும்" என்பார் அக்கா, கலக்குகிற இயந்திரத்தில் கண்ணை வைத்துக்கொண்டே.

"சக்கரைக்கு சொல்றியா, எனக்கு சொல்றியாக்கா?"

"சக்கரைக்குதாம்மா" என்று சிரிப்பார். சிரித்தால் ஒரு பக்கக் கன்னம் மட்டும் குழியும். அந்தக் குழிக்காகவே நான் ஏதாவது வாயாடிக்கொண்டிருப்பேன்.

ஒருமுறை எங்கள் இன்சார்ஜ், பாவம் நல்ல மனிதர், மேலிடத்து நெருக்கடி தாங்காமல் ஒட்டவைக்கிற மருந்தைக் கொஞ்சம் கூடுதலாகப் போடச் சொன்னார். சீக்கிரம் ஒட்டும், சீக்கிரம் அனுப்பிவிடலாம் என்று கணக்கு. சீக்கிரம்தான் ஒட்டியது. எல்லாமே எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு, பாத்திரத்தோடு கடல்பாசி ஜெல்லி மாதிரி உறைந்துபோனது. இன்சார்ஜ் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அக்கா வெளியே போய் ஓர் இளநீர் வாங்கி, வெட்டாமல் முழுசாகக் கொண்டுவந்து, கடைக்காரரையும் கையோடு கூட்டிவந்து அவர் மேஜைக்கு எதிரிலேயே சீவிக் கொடுக்கவைத்தார். வாசல் காவலர் உள்ளே விட மாட்டேன் என்று சண்டை போட்டது தனிக்கதை. ஓர் இளநீருக்கு இத்தனை அமர்க்களமா என்று நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

எனக்கு ஒருதடவை காய்ச்சல் வந்து லீவு போட்டபோதும் இப்படித்தான். காக்களூர் வரைக்கும் என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். வந்தவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். என் வீட்டுக்காரர் உள்ளே வாங்க, வாங்க என்று கெஞ்சுகிறார், அக்கா அசையவில்லை. காம்பவுண்டுச் சுவர்மேல் ஒரு பையை வைத்துவிட்டு, "உடம்பப் பாத்துக்கங்கம்மா, தண்ணிய காய்ச்சிக் குடிங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். பையில் கமலா ஆரஞ்சும் வாழைப்பழமும் இருந்தன. யாருக்கு என்ன கொடுத்தாலும் தோல் உரித்துத் தின்பதாக மட்டும்தான் கொடுப்பார். பிறந்தநாள் என்றால் பிரிக்காத ஸ்வீட் பெட்டி, கூடவே ஒரு கத்தரிக்கோல். இதையெல்லாம் கிறுக்கு என்று நினைத்தோமே தவிர, ஒன்றோடு ஒன்றை வைத்து யாரும் யோசிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேர்க்கிற வேலை முடிந்த பிறகு கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. எல்லாக் கைகளுக்கும் பிடித்துக்கொள்ள ஆள் கிடைத்துவிடாது. சில கைகள் சும்மா நீட்டிக்கொண்டே நிற்கும். அப்படியே விட்டால் பின்னால் எதையாவது பிடித்து வம்பாகும். அதனால் ஒரு சின்ன மூலக்கூற்றைப் போட்டு அந்தக் கைகளை மூடிவிடுவோம். இந்த வேலையை அக்கா வேறு யாரையும் செய்யவிட மாட்டார். "பாவம், இதுக்கு ஆளு கெடைக்கல. மூடி உட்ருவோம்" என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு செய்வார்.

நான் மாசமாக இருந்தபோது கேன்டீனில் எனக்கு வளைகாப்பு போட்டார்கள். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள்தான். அதற்காக வளைகாப்பை யாராவது வேண்டாம் என்பார்களா? ஆளுக்கு ஒரு சோறு என்று முறைவைத்துச் செய்துகொண்டு வந்தார்கள். எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல். ஒவ்வொருத்தியும் கன்னத்தில் சந்தனம் தடவி, வளையல் போட்டு, ஒரு வாய் ஊட்டிவிட்டுப் போனாள். பாத்திரம் கழுவுகிற அம்மாகூட ஊட்டினார்கள். கடைசியாக அக்கா வந்தார். கடையில் சுற்றிக் கொடுத்த காகிதத்தைப் பிரித்து, சிவப்புக் கண்ணாடி வளையல்களின் விளிம்பை மட்டும் பிடித்து, என் தோலில் விரல் படாமல் ஒவ்வொன்றாக ஏற்றினார். அவ்வளவு பொறுமையாக எனக்கு யாரும் வளையல் போட்டதில்லை. ஏற்றிவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

செல்வி எலுமிச்சைச் சோற்றுக் கிண்ணத்தை நீட்டினாள். "ஒரு வாய் ஊட்டிட்டுப் போக்கா."

"வேணாங்க."

"ஒரே ஒரு வாய்க்கா. புள்ளத்தாச்சி ஆசயா பாத்துக்கினு கீறா பாரு."

"எனக்குப் பழக்கமில்லைங்க" என்றார் அக்கா. இன்னும் ஓரடி பின்னால் போனார்.

பின்வரிசையில் ஒருத்தி, அதெல்லாம் அவங்க சாதிப் பழக்கம் என்று மெதுவாகச் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், எல்லோருக்கும் கேட்டது. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"நேராவே சொல்லிடுக்கா. எங்க வாய்க்கிட்ட வந்தா உன் கை தீட்டாயிடுமா?"

அக்கா முகம் சுண்டிப்போனது. வெளியே போய்விட்டார். நானும் விடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கை நிறைய வளையல் குலுங்க, பின்னாலேயே போனேன். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். பக்கத்து இரும்பு ஆலைப் புகை அன்றைக்குத் தாழ இறங்கியிருந்தது. கண் எரிந்தது புகையாலா என்று தெரியவில்லை.

"கிட்ட வராதீங்கம்மா, அங்கயே நில்லுங்க" என்றார். பிறகுதான் சொன்னார்.

கல்லூரியில் படிக்கும்போது அவருக்கு டைபாய்டு வந்து தேறியிருக்கிறது. விடுமுறைக்குப் பள்ளிப்பட்டு போயிருக்கிறார். அண்ணன் மகன் அப்போதுதான் பால் மறந்து சோறு தின்னப் பழகிக்கொண்டிருந்த குழந்தை. "வேற யாரு கைலயும் வாங்க மாட்டான்மா. எங்கிட்டதான் வாயத் தெறப்பான். தெனம் பருப்பு சாதம் நான்தான் பெசஞ்சு ஊட்டுவேன்." பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. குடல் ஓட்டையாகி, சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, வயிற்றைக் கிழித்து ஆபரேஷன் செய்துதான் பிழைக்கவைத்தார்கள். எங்கிருந்து வந்தது என்று வீட்டில் எல்லோரையும் பரிசோதித்தபோது, கிருமி அக்காவின் உடம்பில் இருந்தது. காய்ச்சல் இல்லை, தலைவலிகூட இல்லை. சத்தமில்லாமல் உள்ளே குடியிருந்திருக்கிறது.

"அண்ணி ஒரு வார்த்த திட்டலம்மா. எங்கைல இருந்த கரண்டிய மட்டும் வாங்கிக்கினாங்க. இப்ப அவன் என்ன விட ஒசரமா நிக்கிறான். சட்டையில்லாம குளிக்கறப்ப அந்தத் தழும்பு தெரியும். நான் உள்ள போயிடுவேன்."

"மாத்தர சாப்ட்டு சரியாயிடுச்சு இல்ல?"

"இல்லன்னுதான் வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் இல்லன்னுதான் வருது. அன்னிக்கி, அந்த சாம்பிள்ல இல்ல. அவ்ளோதாம்மா அதுக்கு அர்த்தம். நீங்களும் கெமிஸ்ட்ரி படிச்சவங்கதான?"

எனக்கு அழுகை வந்தது. "நாங்க வேற ஒண்ணு நெனச்சோமேக்கா."

"தெரியும்மா. எல்லாரும் அதத்தான் நெனைக்கிறாங்க. நெனச்சிக்கினு தள்ளியே இருக்கட்டும், நல்லதுதான்னு உட்டுட்டேன்."

வந்த அழுகை அப்படியே நின்றுவிட்டது. எனக்கு வந்ததே கோபம். "அப்ப உன் பயத்த மூடறதுக்கு எங்க மானத்த எடுத்துப் போத்திக்கினியா? செல்வி எத்தினி நாளு ஊட்டுக்குப் போயி அழுதுக்கீறான்னு தெரியுமா? எங்கம்மா குனிஞ்சு குனிஞ்சு தண்ணி குடிச்ச கத தெரியுமா உனக்கு? நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமேக்கா!"

அக்கா தன் வலது கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் ஜன்னலோர மேஜையிலிருந்து எழுந்து நின்றார். அத்தனை பேருக்கு முன்னால் அவர் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. "என் உடம்புல டைபாய்டு கிருமி இருந்துச்சுங்க. இப்ப இல்லன்றாங்க. எனக்கு நம்பிக்க வரல. அதனாலதான் தள்ளி இருக்கேன். வேற ஒரு காரணமும் கெடையாது. யாரு மனசாவது நொந்திருந்தா மன்னிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து தயிர் சாதத்தைப் பிசைந்தார். செல்வி தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் அதே மேஜையில், ஒரு கை தூரம் விட்டு உட்கார்ந்தாள். அக்கா முகத்தைப் பார்க்காமல் அழுதுகொண்டே சாப்பிட்டாள். நானும் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு மூன்று பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.

அதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! பேச்சு மாடியில் இருக்கிற மேலிடத்துக்குப் போனது. மாடியில் இருப்பவர்கள் அக்காவைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இல்லை என்றுதான் வந்தது. வந்தும் என்ன, ஊசி மருந்து செய்கிற இடம், வெளியே தெரிந்தால் வீண் பேச்சு என்று அவரை ஆய்வகத்திலிருந்து எடுத்துப் பேப்பர் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். இன்சார்ஜ் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தார். நீட்டிக்கொண்டு நிற்கும் கைகளை மூடுகிற வேலை எனக்கு வந்தது. கொஞ்ச நாள்தான் செய்தேன், பிரசவ லீவில் போய்விட்டேன்.

நான் சைக்கிள் ஸ்டாண்டில் கேட்டது நியாயம்தான். இன்றைக்கு யார் வந்து கேட்டாலும் நியாயம்தான் என்பேன். செல்வியைக் கேட்டாலும் அதையே சொல்வாள். ஆனால் அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அக்கா பக்கத்தில் இல்லையே.

மகள் பிறந்தாள். ஜெனி என்று பெயர் வைத்தோம். அக்கா அடிக்கடி போன் செய்வார். குழந்தை குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சுகிறேனா, எவ்வளவு நேரம் கொதிக்கவிடுகிறேன், ஊசி எப்போது என்று ஒரே விசாரணை. ஊசி போடும் வயது வந்து டைபாய்டு ஊசி போட்டுக்கொண்டு வந்த அன்று நானே அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். நாங்கள் சேர்த்த சரக்குதான் அந்த ஊசியில் இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. எங்கோ யாரோ சேர்த்ததாகவும் இருக்கலாம். ஆனால் அதே சர்க்கரை, நடுவில் அதே மாதிரி ஒரு கை. போனில் அக்கா "அழுதாளா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குச் சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் கேட்டுக்கு வெளியில் வந்து நின்றார். ஹைதராபாத் பக்கம் ஒரு கம்பெனியில் மறுபடியும் ஆய்வக வேலை கிடைத்திருக்கிறது, மறுநாள் கிளம்புகிறேன் என்றார். கையில் கமலா ஆரஞ்சுப் பை. நான் ஜெனியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் யார் வந்தாலும் தாவுகிற பிள்ளை. அக்காவைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தாவினாள். அக்கா சட்டென்று பின்வாங்கினார். பிள்ளை விடாமல் கையை நீட்டிக்கொண்டே இருந்தது.

அப்போது ஜெனிக்குச் சோறு ஊட்டுகிற நேரம். பருப்பு சாதம் பிசைந்து கிண்ணத்தில் வைத்திருந்தேன். ஓடிப்போய் எடுத்துவந்தேன்.

"அக்கா, ஊசி போட்டாச்சு. நீயும் சரியாயிட்ட. இன்னும் இன்னாக்கா பயம்? ஒரே ஒரு வாய். அவளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. ஊட்டிட்டுப் போ."

அக்கா கிண்ணத்தைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, ஆரஞ்சுப் பையைச் சுவர்மேல் வைத்துவிட்டு, கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற குழாய் இருக்கிறது. அதைத் திறந்து கை கழுவ ஆரம்பித்தார். சோப்பு கேட்டார், கொடுத்தேன். நகக்கண், விரலிடுக்கு, மணிக்கட்டு, முழங்கை. கழுவி முடித்து மறுபடியும் சோப்பு போட்டார். திரும்பவும் நகக்கண்ணிலிருந்து. நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெனி 'ஆ' என்று வாயைத் திறந்துவைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஓடி வாசல் முழுக்கச் சேறானது. கை சிவந்துபோகிற வரைக்கும் கழுவினார்.

பிறகு முழங்கையால் குழாயை மூடினார். ஈரக் கை இரண்டையும் தனக்கு முன்னால் தூக்கிப் பிடித்தபடி நின்றார். சோறு ஆறிப்போயிருந்தது.

"இன்னொரு நாளைக்கு வரேன்டி. நீ ஊட்டு, அவளுக்குப் பசிக்கும்" என்றார். அத்தனை வருஷத்தில் முதல்முறையாக என்னை 'நீ' என்று சொன்னார். கேட்டைத் தாண்டிப் போனவர் திரும்பிப் பார்க்கவில்லை. கை காய்கிற வரைக்கும் அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் தெருவில் நடந்தார்.

கொஞ்ச காலம் போன் வந்தது. பிறகு குறைந்தது. பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்ல ஆரம்பித்தது. பள்ளிப்பட்டில் விசாரித்துப் பார்க்கலாம் என்று செல்வி சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன். அவருக்கு எவ்வளவு தூரம் வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தன் கையை அவர் மூடிக்கொண்டார். என் கையை மூடிவிட்டுப் போக மறந்துவிட்டார், அவ்வளவுதான். நான் மறுபடியும் வேலைக்குப் போகிறேன். வேனில் அந்த இரண்டு சீட்டிலும் இப்போது யார் யாரோ நெருக்கியடித்து உட்கார்ந்து வருகிறார்கள். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் என்ன செய்வார்கள், பாவம். இன்றைக்கு வந்து கேட்டில் நின்றாலும் கிண்ணத்தோடு ஓடுவேன். மறுபடியும் கழுவட்டும், எவ்வளவு நேரமானாலும் நிற்பேன்.

ஜெனி இப்போது எல்.கே.ஜி. போகிறாள். டைபாய்டு கிருமியின் சர்க்கரை அவள் உடம்புக்கு ஞாபகம் இருக்கும். வாசலில் நின்று கை கழுவிய அக்காவை அவளுக்கு ஞாபகமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சோறு ஊட்டும்போது, இது தாத்தா வாய், இது அப்பா வாய் என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசி உருண்டையைப் பெரியம்மா வாய் என்று சொல்லித்தான் ஊட்டுவேன். அவளுக்குப் பெரியம்மா என்றால் அந்தக் கடைசி உருண்டைதான்.

போன ஞாயிற்றுக்கிழமை கடைசி உருண்டைக்கு வாயைத் திறக்கவில்லை. வயிறு நிறைந்துவிட்டது போல என்று நினைத்தேன்.

"பெரியம்மா வாய்டி. தெற."

"நீ ஒரு நாளும் பெரியம்மா வாய் சாப்புடவே இல்லியேம்மா" என்றாள். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எழுந்துபோய், நான் பழக்கிவிட்டபடி சோப்பு போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். அந்தப் பருப்பு சாத உருண்டையைச் சின்ன விரல்களால் அள்ளி என் வாய்க்கு நேராக நீட்டினாள். "ஆ காட்டு."

காட்டினேன். பாதி என் புடவையில் சிந்தியது.